பெரட்டுக்கு வராத மருந்து

மலேரியாக் காலத்தில் பெரட்டுக்களத்துக்கே கொயினா வந்தது. டிரஸர் எதிரில் நின்று, விழுங்கியதைப் பார்த்த பிறகே ஆளை மரத்துக்கு அனுப்பினார். ஆள் படுத்தால் பால் குறையும் என்பது துரைமாருக்குத் தெரியும். இன்று நம்மை அரிக்கும் நோய் ஆளை உடனே படுக்க வைப்பதில்லை. ஆகவே அதைப் பெரட்டில் தேடுவாரும் இல்லை.

இனிப்பு நீரைத்தான் சொல்கிறோம். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது; இந்தியரில் 31 பேருக்கு. 2023-இல் நாட்டின் கணக்கு 15.6 ஆக இறங்கிற்று. ஆனால் நோயுள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. காட்டில் முள் குத்திய கால் ஆறாமல், விரலை எடுக்க நேரும்போதுதான் நம்மவர்க்குச் சங்கதி தெரிகிறது.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் என்பார்கள். போகவர பஸ் காசும், அன்றைய வெட்டுச் சம்பளமும் யார் கணக்கில்?

2013-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய கோஸ்பென் திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஊராரிலேயே தொண்டர்களைப் பழக்கி, அண்டை அயலாருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்து, தேவைப்பட்டோரைக் கிளினிக்குக்கு அனுப்புவது அதன் முறை. தோட்டத்தில் அந்தத் தொண்டர் லயத்து ஆளாகவே இருக்கவேண்டும். பெண்ணாக இருந்தால் மிக நன்று. கள்ளுக்கடைக் காலம் முதல் நமக்கு உபதேசிக்க வந்த வெளியாருக்குக் குறைவில்லை. விடியுமுன் வெறும் வயிற்றில் இனிப்புக் கோப்பியோடு காட்டுக்கு ஓடுகிறவரிடம் ‘சீனியை விடு’ என்றால் போதுமா? டின் பாலை எப்படிக் குறைப்பது, பசிக்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்று சொல்ல, அதே அடுப்பில் சமைப்பவருக்கே முடியும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. பால் நிறுத்து முடிந்ததும் ஸ்டோரிலேயே, மாதம் ஒரு நாள், பரிசோதனைக்கு இடம் தரவேண்டும். கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவருக்கு அன்றைய சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. தொண்டர் வந்துவிட்டார் என்று மருத்துவச் செலவில் கைவைக்க எண்ணினால், அதைச் சங்கம் ஒப்பாது.

கிளைச் செயலாளர்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குள் லயத்துக்கு ஒருவர் பெயரை எழுதி அனுப்புங்கள். படிப்பு குறைவு என்று யாரையும் ஒதுக்கவேண்டாம். கணக்கு எழுத ஆபீசில் கிராணிமார் நாங்கள் இருக்கிறோம்.