திருப்புலி நாட்டுக்கு அதிகாரம் எங்கே?

கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்று திருப்புலி நாடு. பிரதான மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; மலையேறித்தான் சர்க்காரே இங்கு வர வேண்டும். வந்தால்தான் பள்ளிக்கூடம், வைத்தியம், குடிதண்ணீர் எல்லாம்.

பழங்குடிப் பகுதிகளில் பள்ளி, ஆஸ்பத்திரி ஊழியர்களும் திட்டப் பணமும் பஞ்சாயத்து, கிராம சபைகளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 1996-ல் பார்லிமெண்டு சட்டம் போட்டது. ஆனால் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்! தமிழ்நாட்டில் அப்படி ஒரு குக்கிராமம்கூட அறிவிக்கப்படவில்லை. நம் மலைமக்கள் செய்த குற்றம் என்ன?

இருக்கிற பஞ்சாயத்தாவது ஒழுங்காக நடந்ததா? 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் தனி அலுவலர் தர்பார்! அதே 1996-ல் கேரளமோ திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது.

நாம் பிச்சை கேட்கவில்லை. கொல்லிமலையை ஐந்தாவது அட்டவணைப் பகுதியாக அறிவி! பணத்தையும் கணக்கையும் கிராம சபையிடம் ஒப்படை!