மிஞ்சினாலும் தப்புதான்

சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1865-ல் ஜூல் வேர்ன் எழுதிய நாவலில் மூன்று பேரைக் குண்டுக்குள் உட்கார வைத்து, பீரங்கியால் நிலாவை நோக்கிச் சுடுவார்கள். அதைப் படித்த நாளில் பிடித்த விண்வெளிக் கிறுக்கு எழுபது தாண்டியும் என்னை விடவில்லை.

அதனால்தான் 2016-ல் எம்டிரைவ் செய்தி வந்தபோது குதித்தேன். ரோஜர் ஷாயர் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் யோசனை அது. மூடி போட்ட செம்பு வாளி மாதிரி, ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். உள்ளே மைக்ரோவேவ் அலைகளை அடைத்தால் வாளி தானாக நகருமாம். எரிபொருளே பின்னால் கக்க வேண்டாம். நாசாவின் சிறு குழு ஒன்று சோதித்து, கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் தள்ளுவிசை கிடைத்தது என்று ஆய்விதழில் எழுதியது. ஒரு கிராம் எடையில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் விண்வெளியில் நிற்காமல் தள்ளினால் வேகம் ஏறிக்கொண்டே போகுமே! விநாடிக்கு 17 கிலோமீட்டர் ஓடும் வாயேஜர் 1-இன் வேகத்தில், பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமாவின் தூரத்தைக் கடக்க 70,000 ஆண்டுக்கு மேல் ஆகும்.

"உன் காலத்தில் நட்சத்திரத்துக்கே போவார்கள்டா" என்றேன் பேரனிடம். பதினொன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்: "காருக்குள்ள உட்கார்ந்து டாஷ்போர்டைத் தள்ளினா கார் நகருமா தாத்தா?" விஞ்ஞானிகளைவிட உனக்குத் தெரியுமோ என்று அதட்டிவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது அப்போது என் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு மாலை பணப்பெட்டியில் கணக்கைவிடப் பத்து ரூபாய் அதிகம். குறையவில்லையே என்று சிரித்தேன். ஹெட் கிளார்க் சிரிக்கவில்லை. "குறைந்தாலும் தப்பு, மிஞ்சினாலும் தப்புதான். எங்கிருந்து வந்தது என்று காட்டிவிட்டு வீட்டுக்குப் போ" என்றார். இரவு ஒன்பது மணிக்கு அகப்பட்டது: பதிவேட்டில் ஏற்ற மறந்த ஒரு ரசீது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டாஜ்மர் குழு செய்ததும் இதே வேலைதான். 2018-ல் வாளிக்குள் போகும் அலையின் சக்தியை வெகுவாகக் குறைத்தார்கள். அப்போதும் அதே தள்ளுவிசை! கேபிளில் ஓடிய மின்சாரத்தோடு பூமியின் காந்தப்புலம் விளையாடியிருக்க வேண்டும் என்றார்கள். 2021-ல் சூட்டால் விரியும் பாகங்களின் கோளாறையும் விலக்கி அளந்தபோது தள்ளுவிசை காணாமலே போயிற்று.

முதல் செய்தியை எனக்குப் பலர் அனுப்பினார்கள். இந்தச் செய்தியை ஒருவரும் அனுப்பவில்லை. நானே தேடிப் படித்தேன். என்னைக் கேட்டால் மாலை போட வேண்டியது இவர்களுக்குத்தான்.

கனவைக் கொல்லலாமா என்பீர்கள். கணக்கு நேராகும் கனவுகளும் இருக்கின்றனவே. 2010-ல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ், சூரிய ஒளி தள்ளவே பாய் விரித்து ஓடியது. அங்கே தள்ளுவது யார் என்று தெரியும்; வரவு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியும்.

பேரன் இப்போது வேலைக்குப் போகிறான். போன வாரம் போன் போட்டு, "நீ கேட்டதுதான்டா சரி" என்றேன். அவனுக்கு அந்தப் பேச்சே மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.