மருந்து அடித்தவருக்கு மயக்கம் வந்தால்...

பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு வந்த கணவருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்ததாகவும், புளி கரைத்துக் கொடுத்ததில் சரியாகிவிட்டதாகவும், இனியும் அப்படியே செய்யலாமா என்றும் பெரம்பலூர் மாவட்ட வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

செய்யக் கூடாது. புளிக்கரைசல், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் பூச்சி மருந்தை முறிக்காது. உடம்பில் ஏறிய அளவு குறைவாக இருந்ததால் அவர் தானாகவே தெளிந்திருப்பார்.

தெளிக்கும்போது விஷம் வாய் வழியாகப் போவது குறைவு. பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது. டேங்க் ஒழுகி முதுகு நனைவதும், காற்றுக்கு எதிரே நடப்பதும் போதும். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் 2017இல் மருந்து தெளித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். விஷத்தை எடுத்துக் குடித்தவர்கள் அல்ல அவர்கள்.

அதனால் முதல் சிகிச்சை சோப்பும் தண்ணீரும்தான். ஆளை நிழலுக்குக் கொண்டுவந்து, நனைந்த துணிகளை முழுவதும் கழற்றிவிட்டு, தலைமுடி, காதுமடல், அக்குள், தொடை இடுக்கு, நகக்கண் எல்லாம் நன்றாகக் கழுவ வேண்டும். கழுவிவிடுபவர் கையுறை போட வேண்டும். இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது கையில் மாட்டிக்கொள்ளலாம். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வியர்த்துக் கொட்டுவது, எச்சில் வழிவது, சதை துடிப்பது, மூச்சிரைப்பு, கண்ணின் பாப்பா ஊசிமுனை போலச் சுருங்குவது ஆகியவை புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளின் அடையாளங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும், 'வெயில் தாக்கியிருக்கும்' என்று காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் தவறு. பல மருந்துகளில் எண்ணெய் போன்ற கரைப்பான் கலந்திருக்கிறது; வாந்தியில் அது நுரையீரலுக்குள் போனால் புது ஆபத்து.

மருந்து டப்பாவையோ லேபிளையோ கூடவே எடுத்துப்போக வேண்டும். மேலே சொன்ன வகை மருந்துகளுக்கு அட்ரோபின் ஊசி உயிர் காக்கும். எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. அது ஒரு வாய் உள்ளே போனவர் ஓரிரு நாள் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். அதை நம்பி வீட்டில் வைத்திருந்தால் சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டுப்போகும். கடையில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் இருப்பதால், மூடியைத் திறக்கும் முன்பே எல்லா லேபிளையும் செல்போனில் படம் பிடித்து வைப்பது நல்லது.

பல குடும்பங்கள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேசியதும், 'வேலை கிடக்கிறது' என்று கூட்டிவந்துவிடுகிறார்கள். இந்த வகை விஷத்தில் 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகலாம். டாக்டர் அனுப்பும் முன் கிளம்பக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே திரும்பப் போக வேண்டும்.

மருந்து நனைந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். மீந்த மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். குழந்தைக்கு அது குளிர்பானம்தான்.