அம்மா கழுவித் தேய்ந்த முகம்

அந்தப் பொம்மைக்கு மூக்கு இல்லை. கண் இருந்த இடத்தில் லேசான மேடு மட்டும் தெரிகிறது. உதடும் மழுங்கிவிட்டது. ஆனால், தலையில் உயர்த்திக் கட்டிய கொண்டை மட்டும் நேற்றுச் செதுக்கியதுபோல வரிவரியாக அப்படியே இருக்கிறது.

ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒன்றேகால் சாண் உயரம். லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் உட்பட உலகின் பல அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட மரப்பொம்மைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கின்றன. கரையான் அரித்துவிட்டதோ, செதுக்கியவர் பாதியில் விட்டுவிட்டாரோ என்றுதான் முதலில் பார்ப்பவருக்குத் தோன்றும். இரண்டும் இல்லை. ஓர் அம்மா கழுவிக் கழுவித் தேய்ந்த முகம் அது.

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் பொம்மை இது. பெயர், 'எரே இபெஜி'. 'எரே' என்றால் சிலை. 'இபி' என்றால் பிறப்பு, 'எஜி' என்றால் இரண்டு. இறந்துபோன இரட்டைக் குழந்தைக்காகச் செய்யும் பொம்மை.

உலகிலேயே இரட்டையர்கள் மிக அதிகமாகப் பிறக்கும் இனங்களில் ஒன்று யொரூபா. ஆயிரம் பிரசவங்களில் 45 வரை இரட்டைப் பிரசவம் என்று கடந்த நூற்றாண்டின் ஆய்வுகள் கணக்கெடுத்திருக்கின்றன. ஐரோப்பாவில் இருந்ததைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இக்போ-ஓரா என்ற ஊரில் தெருவுக்குத் தெரு இரட்டையர்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் கருணைக்கிழங்கு மாதிரியான 'யாம்' கிழங்கையும், வெண்டை இலைக் குழம்பையும் காரணமாகச் சொல்வார்கள். மருத்துவர்களுக்கு இன்னும் உறுதியான காரணம் பிடிபடவில்லை.

முதலில் பிறக்கும் குழந்தைக்கு தாயிவோ என்று பெயர். உலகத்தை ருசி பார்க்க வந்தவர் என்று அர்த்தம். பின்னால் வருவது கெஹிண்டே. இதில் மூத்தவர் யார் தெரியுமா? கெஹிண்டேதான். 'நீ முதல்ல போய் உலகம் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வா' என்று தாயிவோவை அனுப்பிவைத்ததே கெஹிண்டே என்பது அவர்கள் கணக்கு.

ஆனால், இரட்டைக் குழந்தைகள் பெரும்பாலும் எடை குறைவாக, மாதம் நிறைவதற்கு முன்பே பிறப்பவை. மருத்துவ வசதி இல்லாத காலத்தில் அவற்றில் பல தங்கவில்லை. இரட்டையர்கள் அதிகம் பிறந்த ஊரில், அந்தத் துக்கமும் அதிகமாகவே இருந்தது.

இரட்டையருக்கு ஆன்மா ஒன்றுதான் என்பது யொரூபா நம்பிக்கை. ஒன்று போய்விட்டால், மிச்சமிருக்கும் குழந்தையையும் அது கூப்பிட்டுக்கொள்ளும் என்று பயந்தார்கள். அதனால் குடும்பத்தார் 'பாபாலாவோ' எனும் குறி சொல்லும் பூசாரியிடம் போவார்கள். அவர் சொன்னபடி சிற்பியிடம் பொம்மைக்குச் சொல்வார்கள். போன ஆன்மாவின் பாதி இனி அந்தப் பொம்மையில் தங்கும்.

சிற்பி செதுக்குவது குழந்தையை அல்ல. இறந்தது மூன்று மாதக் குழந்தையாக இருந்தாலும், பொம்மை வளர்ந்த ஆணாகவோ பெண்ணாகவோதான் இருக்கும். நிமிர்ந்த உடம்பு, பெண்ணென்றால் முழு மார்பு, பெரிய விழிகள், அழகாக வாரிய தலை, கன்னத்தில் குடும்பத்துக்கே உரிய கீறல் அடையாளங்கள். அந்தத் தாய் பார்க்க முடியாமலே போன வயது அது.

பொம்மை வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பம். உயிரோடு இருக்கும் குழந்தைக்கு என்னவெல்லாம் செய்கிறாளோ, அதெல்லாம் இதற்கும் உண்டு. அதைக் குளிப்பாட்டினால் இதையும் குளிப்பாட்டுவாள். அதற்கு ஊட்டினால் இதன் உதட்டிலும் கொஞ்சம் தடவுவாள். அதற்குப் புதுத்துணி என்றால் இதற்கும் பாசியோ சோழியோ கோத்த சட்டை. உடம்புக்குச் சிவப்பு மரத்தூளைக் குழைத்துப் பூசுவாள். தலைக்கு நீலம். பிற்காலத்தில் இதற்குப் பயன்பட்டது நம் வீடுகளில் வெள்ளைத் துணிக்குப் போடுவார்களே, அதே சலவை நீலம்தான்! வெளியே போகும்போது இடுப்புத் துணியில் செருகிக்கொள்வாள். ராத்திரி படுக்க வைப்பாள்.

கழுவுவதும் ஊட்டுவதும் முகத்தில். அதனால்தான் முகம் தேய்ந்தது, கொண்டை பிழைத்தது.

'பாவம், பிள்ளை செத்ததை அவளால் ஏற்க முடியவில்லை' என்று சொல்லத் தோன்றலாம். அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கையில் பால் குடிக்கிற குழந்தை, இன்னொரு கையில் மரம். இரண்டுக்கும் வித்தியாசம் அவளைவிட யாருக்குத் தெரியும்? 'அதான் ஒண்ணு நல்லாருக்கே, அதைப் பார்த்துத் தேத்திக்கோ' என்று இப்படிப்பட்ட தாயிடம் சொல்லாத ஊர் இல்லை. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால், பெற்றது இரண்டு என்பதையே அந்த வார்த்தை அழித்துவிடுகிறது. யொரூபா வீட்டில் எண்ணிக்கை கடைசிவரை இரண்டுதான்.

இதை வெறும் ஆறுதலாக மட்டும் பார்ப்பதும் சரியில்லை. பொம்மையைக் கவனிக்காமல் விட்டால் வீட்டில் நோய் வரும், அடுத்த பிள்ளை தங்காது என்ற பயமும் சேர்ந்தே இருந்தது. களைத்துப்போன நாளிலும் அவள் அதைக் குளிப்பாட்டித்தான் ஆக வேண்டும். அன்பா, கடமையா, அச்சமா? எது எவ்வளவு என்பது ஒவ்வொரு வீட்டிலும் வேறுபட்டிருக்கும். அம்மாவின் காலத்துக்குப் பிறகு, பிழைத்த பிள்ளையே வளர்ந்து அந்தப் பொறுப்பை ஏற்றதும் உண்டு. ஐம்பது வயது மனிதர் தன் கூடப்பிறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வார்.

கிறிஸ்தவமும் இஸ்லாமும் பரவியபோது பலர் பொம்மைகளைக் கைவிட்டார்கள். எல்லோரும் அல்ல. கடைகளில் பிளாஸ்டிக் பொம்மைகள் வந்ததும், சில தாய்மார்கள் அதையே வாங்கி அதே பணிவிடையைச் செய்தார்கள். பிறகு கேமரா வந்தது.

ஊர் போட்டோ ஸ்டுடியோக்காரர் செய்த வேலைதான் இதில் அதிசயம். பிழைத்த குழந்தையை உட்கார வைத்து எடுத்த படத்தையே, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை அச்சடிப்பார். இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்த படம் தயார். இறந்தது தம்பி, இருப்பது அக்கா என்றால்? அவளை முதலில் கவுனில் ஒரு படம் எடுப்பார். பிறகு பையன் உடுப்பு போட்டு இன்னொன்று. இரண்டையும் ஒட்டினால் அக்காவும் தம்பியும். 1970-களில் ஆய்வாளர்கள் இந்தப் படங்களைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தச் சிறுமி தன் தம்பியின் முகத்தைத் தன் முகத்திலேயே பார்த்து வளர்ந்திருப்பாள்.

கைவிடப்பட்ட மரப்பொம்மைகள் ஆயிரக்கணக்கில் வெளிநாடுகளுக்குப் போயின. சேகரிப்பாளர்கள் தேய்ந்த முகத்துக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். அது உண்மையிலேயே ஒரு வீட்டில் இருந்ததற்கு அத்தாட்சியாம். இதைத் தெரிந்துகொண்டு, புதிதாகச் செதுக்கிய பொம்மையைத் தேய்த்துப் பழசாக்கி விற்பவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றையாக நிற்கும் பொம்மையைப் பார்த்தால் இரண்டு விதமாக நினைக்கலாம். கூடப்பிறந்தது பிழைத்து வளர்ந்திருக்கும். அல்லது, இரண்டு குழந்தைகளும் போய், இரண்டு பொம்மைகள் செய்து, வியாபாரி ஜோடியைப் பிரித்து விற்றிருப்பார். கீழே இருக்கும் அட்டையில் மரம், உயரம், கொடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கும். கழுவியவளின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை.