விதி எழுதுகிறவன்

"கதை எழுதுகிற கையால் கம்ப்யூட்டர் விளையாட்டுச் செய்துகொண்டிருக்கிறீராமே? எழுத்துக்கு முழுக்குத்தானா?" என்று பட்டணத்திலிருந்து வந்த இலக்கிய நண்பர் ஒருவர், திருத்தணி மலையடிவாரத்துக் காப்பிக் கடையில் வைத்துக் கேட்டார். கேட்ட தோரணையில் பரிதாபம் இருந்தது. சீட்டாட்டத்தில் சொத்தைத் தொலைத்தவனை விசாரிக்கிற பரிதாபம். அன்று அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன்.

விளையாட்டு என்றால் சூது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்தோம். அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. நல்லது. ஆனால் மஞ்சள் பத்திரிகை வந்ததற்காக அச்சு யந்திரத்தை எவனாவது உடைத்தானா?

அமெரிக்காவில் வில் க்ரௌதர் என்று ஒருவர். புரோகிராம் எழுதுவது தொழில். குகைகளுக்குள் நுழைந்து திரிவது பித்து. தம் பெண் குழந்தைகள் ஆடுவதற்காக 1970-களின் நடுவில், வெறும் சொற்களாலேயே கம்ப்யூட்டருக்குள் ஒரு குகையைக் கட்டினார். படம் ஒன்று கூட இல்லை. ஆடுகிறவர் எந்தப் பக்கம் போகிறேன் என்று எழுதுகிறாரோ, அந்தப் பக்கம் கதை போயிற்று. இது இலக்கியத்துக்கு அந்நியமா? 2009-ல் க்ரிஸ் க்ளிமாஸ் என்பவர், கிளை பிரியும் கதைகள் செய்ய 'ட்வைன்' என்ற கருவியை இலவசமாகவே கொடுத்தார். கல்லூரிப் படிப்பைப் பூர்த்தி செய்யாத நான், அதைப் பிடித்துக்கொண்டுதான் இரவு பத்து மணிக்கு மேல் உட்காருகிறேன். கூலி கிடையாது, ஆசைதான்.

ஆட்டத்தில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்கிறீர்கள். நம் வீட்டுத் திண்ணையையே பாருங்கள். ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. சேர்ந்து நின்று வழியை அடைக்கத்தான் தெரியும். அடைத்துவிட்டால் புலி தோற்றது. ஒரு வார்த்தை உபதேசம் உண்டா? இல்லை. விதியே பேசுகிறது. பரமபதப் படத்திலோ ஏணிக்குப் புண்ணியத்தின் பெயர் எழுதியிருக்கும், ஏற்றிவிடுவது தாயக்கட்டை! எழுத்து ஒன்று சொல்ல, விதி வேறொன்று சொல்லுகிறது.

2023-ல் கனடாவின் டொரொண்டோவிலிருந்து 'வெண்பா' என்றொரு ஆட்டம் வந்தது. கனடாவுக்குக் குடியேறிய தமிழ்ப் பெண்ணின் கதை. அவளிடம் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கிழிந்தும் அழிந்தும் போன புத்தகம். அழிந்துபோன பாகத்தை ஆடுகிறவரே ஊகித்து இட்லியை வேக வைக்க வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரை நினைவில் வைத்திருப்பதும் இப்படித்தானே? பக்கம் பக்கமாக எழுதி நாம் சொல்வதை, ஒரு விதி சொல்லிவிட்டது.

நான் பட்ட அடியையும் சொல்லுகிறேன். ஒரு வருஷமாக நான் செய்துவருவது இந்த ஊரின் எல்லைக் கதை. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது திருத்தணி அதில் சேர்ந்தது. ம.பொ.சி. போராடினார், படாஸ்கர் வந்து மத்தியஸ்தம் செய்தார், 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அந்தப் போராட்டம் நியாயமானது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆகவே, தமிழ்ப் பக்கம் வந்த ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு புள்ளி என்று விதி வைத்தேன். நடுவே இரண்டு பக்கத்து மனிதர்களின் துக்கத்தையும் உருக்கமாக எழுதிச் சேர்த்தேன். எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன்!

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்கள் பையனுக்குப் பத்து வயசு. அவன் ஆடிப் பார்த்தான். என் உருக்கத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் புள்ளிகளை அள்ளினான். ஜெயித்ததும் கேட்டான்: "மாமா, எங்க அவ்வா ஊரு நகரிப் பக்கம். அது தோத்த ஊரா?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. நாவலில் அந்த அவ்வாவைத் தோற்றவள் என்று நான் ஒரு நாளும் எழுதியிருக்க மாட்டேன். விதியில் எழுதியிருந்தேன். என் வசனமெல்லாம் மனிதாபிமானம். என் விதி மட்டும் நில ஏலம்!

அன்றிரவே புள்ளிகளை அழித்தேன். இப்போதைய விதி இது: நீங்கள் எல்லைக் கோட்டைப் போடலாம். போட்ட பிறகு, அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கத்து வீட்டில் நீங்கள் வாழப்போகிறீர்கள் என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். தாலுகா ஆபீஸ் மனுவும் பிள்ளையின் பள்ளிப் பாடமும் எந்த மொழியில் இருக்கும் என்பதை அப்புறம் நீங்களே அனுபவியுங்கள். கோடு போடுகிறவர்களின் கை இப்போது கொஞ்சம் யோசிக்கிறது.

நண்பரே, நாவலாசிரியன் பாத்திரங்களின் தலையில் விதியை எழுதிவிட்டு நல்ல வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். நானே இருபது வருஷம் ஒளிந்திருக்கிறேன். ஆட்டம் செய்கிறவனுக்கு அந்த மறைவிடம் இல்லை. அவன் எழுதிய விதிக்குக் கீழே வாசகன் வாழ்ந்து பார்த்துவிட்டு வந்து சட்டையைப் பிடிக்கிறான். பத்து வயசுப் பையனாக இருந்தாலும் பிடிக்கிறான். எழுத்துக்கு முழுக்குப் போட்டேனா என்று கேட்டீரே! எழுத்தின் பொறுப்பு எனக்கு இங்கேதான் உறைத்தது.

அடுத்த முறை வரும்போது ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் பேசும். காப்பி அப்போதும் என் கணக்குத்தான்.