விலையா, மரியாதையா?

மார்ச் மாதம் வந்தால் ஆபீஸில் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகி விடுவார்கள். காரணம், 'அப்ரெய்சல்'! நம் வயிற்றையே கலக்கும் இந்த வார்த்தையிடம் கொரியாக்காரன் படும் பாட்டைப் பாருங்கள்.

சியோலில் வேலை தேடினால் பல கம்பெனிகள் 'டோயிக்' இங்கிலீஷ் பரீட்சை மார்க்கைக் கேட்கும். மொத்தம் 990. அதற்காக உருப்போடும் வார்த்தைகளில் ஒன்று 'அப்ரெய்ஸ்'.

முதல் கண்டம், அதற்குள்ளேயே 'ப்ரெய்ஸ்' உட்கார்ந்திருக்கிறது. பாராட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இளித்துக்கொண்டே மேனேஜர் ரூமுக்குள் போனால்... போச்சு! அப்ரெய்ஸ் என்றால் எடை போட்டு மதிப்புச் சொல்வது. பூர்வீகம், விலையைக் குறிக்கும் லத்தீன் வார்த்தை.

அடுத்த கண்டம் அவன் சொந்த பாஷையில். அகராதி சொல்லும் அர்த்தம் 'கம்ஜொங்'. பழைய பீங்கான் ஜாடியை நிபுணர் உற்றுப் பார்த்து அசலா, போலியா, என்ன பெறும் என்று சொல்வார் இல்லையா, அதுதான். கேபிஎஸ் டெலிவிஷன் 1995-ல் இதற்கென்றே ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தது. ஜனங்கள் வீட்டிலிருந்த பழம்பொருளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

விஷயம் என்னவென்றால், கொரிய மொழியில் 'கம்ஜொங்' என்றால் உணர்ச்சி என்றும் அர்த்தம். எழுத்துக்கூட்டலும் அதேதான். சீன எழுத்தில் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும்.

ஆனால் ஆபீஸ் அப்ரெய்சலுக்கு இந்த வார்த்தை உதவாது. ஆளென்ன, ஜாடியா? அதற்குப் பெயர் 'இன்சா கோக்வா'. 'இன்சா' என்றால் ஊழியர் நிர்வாகம். வணக்கம் சொல்வதும் 'இன்சா'தான்! கும்பிடு ஒழுங்காகப் போட்டால் இன்க்ரிமென்ட்டும் ஒழுங்காக வரும் என்று எந்தப் பெரிசு முடிவு செய்ததோ!

சிரிக்காதீர்கள். நம் தமிழும் லேசுப்பட்டதில்லை. நிலத்துக்கு விலை சொன்னாலும் 'மதிப்பு', பெரியவருக்கு மரியாதை கொடுத்தாலும் 'மதிப்பு'.

நானும் ஒரு காலத்தில் அப்ரெய்சல் ஃபாரம் நிரப்பியவன்தான். ஒரு வருஷம் ஐந்துக்கு இரண்டு போட்டார்கள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர்கள் போட்டது அந்த வருஷ வேலைக்கான மார்க். நான் எடுத்துக்கொண்டது எனக்கான மார்க்.

ஜாடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு ஒரு கம்ஜொங்தான். நமக்குத்தான் சார், ரெண்டும்!