கரும்பலகையில் நான் போடாத அம்புக்குறிகள்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

நட்சத்திரம் பிறக்கும் கதையை நான் எப்படி நடத்துவேன் என்று என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வாயு மேகம் வரைவேன். சுற்றிலும் உள்நோக்கி அம்புக்குறிகள். ஈர்ப்பு விசை இழுக்கும், வாயு சுருங்கும், சூடாகும், எரியும். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும்.

ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "சார், சுருங்கச் சுருங்க வேகமா சுத்தும்னு போன வாரம்தானே சொன்னீங்க? அப்ப வாயு எப்படி சார் நடுவுல போய் விழும்? சுத்திக்கிட்டேதானே இருக்கும்?"

கோண உந்தப் பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான். நான், "பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்றேன்.

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. வாயு முதலில் தட்டு போலச் சுற்றுகிறது. அதில் ஒரு பகுதி காந்தப்புலத்தின் துணையோடு இரண்டு துருவத் திசைகளிலும் வெளியே பீறிடுகிறது. சுழற்சியில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டு போவதால்தான் மிச்ச வாயு உள்ளே இறங்க முடிகிறது.

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேல் நிறை உள்ளவற்றுக்கு இன்னொரு சிக்கல். மேகத்துக்குள் மூடிக் கிடக்கும்போதே எரியத் தொடங்கிவிடும். அந்த ஒளியே வந்து விழும் வாயுவைத் தள்ளும். அங்கேயும் பீறிட்ட வாயு துளைத்த வழிதான் கைகொடுக்கிறது. அடுப்படிப் புகைபோக்கி மாதிரி ஒளி அதன் வழியே வெளியேறிவிட, பக்கவாட்டில் வாயு தொடர்ந்து வந்து சேர்கிறது.

தை மாத இரவில் மொட்டைமாடிக்குப் போய் ஓரியனைப் பாருங்கள். வரிசையான மூன்று நட்சத்திரங்களுக்குத் தெற்கே மங்கலாக ஒரு திட்டு, சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில். அதன் பின்னால் உள்ள இருண்ட மேகத்தில் இளம் பெரு நட்சத்திரங்கள் சில, மிக நெருங்கி வந்து ஒன்றையொன்று உதறித் தள்ளியிருக்கின்றன. இது துருவ வழியாக ஒழுங்காகப் பீறிடும் வகை இல்லை, வெடிப்பு. வாயு விரல் விரலாக நாலாபுறமும், நொடிக்கு 300 கி.மீ. வரை வேகத்தில் பாய்கிறது. சிலி நாட்டிலுள்ள அல்மா தொலைநோக்கியின் படம் 2017இல் வெளியானது. வேகத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், நாம் பார்க்கும் காட்சிக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. (ஒளி வந்துசேர எடுத்த 1,350 ஆண்டு தனிக் கணக்கு. இதில் மதிப்பெண் இழந்தவர்கள் நிறையப் பேர்!)

இப்படிப்பட்ட மேகத்தின் வாயுவில் சில சதவீதம்தான் நட்சத்திரமாகிறது. மிச்சத்தைக் கலைத்து அனுப்புவதில் அங்கே பிறந்த பெரிய நட்சத்திரங்களுக்கே பெரும் பங்கு. பிறந்த வீட்டைப் பிரித்துப் போடுகிற பிள்ளைகள். உறவினர்கள் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா என்பார்கள். வெளிநோக்கி இரண்டு அம்புக்குறி கூடுதலாகப் போட எவ்வளவு சாக்பீஸ் செலவாகிவிடும்? உள்நோக்கி மட்டும் போட்டால் அந்தப் பையனின் கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது. இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் தயவுசெய்து போடுங்கள்.

அந்தப் பையனின் முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. அன்று வகுப்பில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவனிடம் பதிலைச் சொல்ல வேண்டும்.